நேசன் என்று பெயர் பூண்ட ஏடு

நாட்டரசன்கோட்டை என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? கண்ணாத்தாள் கோயில் என்பார் சிலர். கவிச்சக்கரவர்த்தி கம்பர் அடங்கிய மண் என்பார் தமிழறிந்தோர். பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய நகரத்தார் வீடுகள் என்பார் வழிப்போக்கர். அவ்வூருக்கு ஓர் ஆலிம் எதற்காகச் சென்றார் என்று கேட்பீராயின், ஒரு பழைய செய்தித்தாள் கட்டைக் கண்ணால் காண்பதற்காக என்பதே என் விடையாகும்.

அண்டை ஊரில் ஒரு நிக்காஹ். குத்பா ஓதி முடித்து விருந்துக்கு அமர்ந்திருந்தபோது, மணமகன் வீட்டாரோடு தலைமுறை தலைமுறையாக வணிகத் தொடர்புடைய நகரத்தார் பெரியவர் ஒருவர் என் அருகே வந்தமர்ந்தார். "ஹஜ்ரத், பழைய ஏடுகளில் உங்களுக்கு நாட்டம் உண்டென்று சொன்னார்கள். எங்கள் வீட்டுப் பரணில் ஐயா காலத்துப் பத்திரிகைகள் கிடக்கின்றன. எடைக்குப் போட மனம் வரவில்லை. ஒருநாள் வந்து பாருங்களேன்" என்றார். மறுவாரமே சென்றேன்.

முற்றத்தைத் தாண்டிய இரண்டாம் கட்டில் பாய் விரித்து, துணியில் முடிந்த கட்டொன்றை அவிழ்த்து வைத்தார்கள். கரையான் தின்றது போக எஞ்சியவை. தாள்கள் பழுப்பேறி, தொட்டால் ஓரம் உதிர்ந்தது. தலைப்பில் "ஊழியன்" என்றிருந்தது. வெளியான இடம் காரைக்குடி.

இந்த ஏட்டின் வரலாற்றைச் செட்டிநாட்டார் பலர் அறிவர். காரைக்குடியில் 1917ஆம் ஆண்டு இந்து மதாபிமான சங்கம் தோன்றிற்று. பாரதியார் 1919இல் அச்சங்கத்துக்கு வருகை தந்தார். அச்சங்கத்தைச் சூழ்ந்திருந்த இளைஞர்களின் முயற்சியால் 1920இல் "தனவைசிய ஊழியன்" என்னும் வார ஏடு பிறந்தது. பின்னர் முன்னொட்டு நீங்கி "ஊழியன்" ஆயிற்று. அதனை நெடுங்காலம் நடத்திய ஆசிரியர் ராய. சொக்கலிங்கம் அவர்கள். அதே காரைக்குடியிலிருந்து சொ. முருகப்பா அவர்கள் "குமரன்" என்னும் ஏட்டை நடத்தினார். இருவரும் ஒரே சமூகத்தினர். கருத்திலோ வெவ்வேறு கரையினர். புதுமைப்பித்தன் சிலகாலம் ஊழியனில் பணிபுரிந்தார், தி.ஜ.ர.வும் அங்கே எழுதினார். ஓர் ஊர், சென்னைப் பட்டணத்தை எதிர்பாராமல் தனக்கென ஏடுகளை நடத்திக்கொண்ட காலம் அது.

பெரியவரின் ஐயா கொழும்பில் கிட்டங்கியில் இருந்தவராம். ஊழியன் காரைக்குடியில் அச்சாகி, தபாலில் கடல் கடந்து, செட்டியார் தெருவில் அவர் கைக்குச் சேரும். படித்தபின் தூக்கி எறியாமல் அடுக்கி வைப்பார். விடுமுறைக்குப் புறப்படுகையில் பெட்டியில் கட்டி ஊருக்குக் கொண்டுவருவார். ஊரிலிருந்து போன ஏடு ஊருக்கே திரும்பி வந்த கதை இது.

நான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருக்கையில் அவர் கேட்டார்: "ஹஜ்ரத், உங்கள் ஆட்களும் எங்களோடுதான் கப்பலேறினார்கள். நாங்கள் வட்டிக் கடை வைத்தோம். நீங்கள் துணிக்கடையும் மளிகைக் கடையும் வைத்தீர்கள். எங்களுக்கு ஊழியன் இருந்ததுபோல் உங்களுக்கு ஏதேனும் இருந்ததா?"

வாசகர்களே, இந்தக் கேள்விக்கு உங்களில் எத்தனை பேர் உடனே விடையளிப்பீர்கள்? அன்று அவருக்கு நான் கூறிய விடையையே சற்று விரித்து இங்கு எழுதுகிறேன்.

ஊழியன் பிறப்பதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் முன்பே, அவருடைய ஐயா வணிகம் செய்த அதே இலங்கைத் தீவில், தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கென ஒரு வார ஏடு இருந்தது. பெயர் "முஸ்லிம் நேசன்". நடத்தியவர் கண்டி நகரத்து வழக்கறிஞர் முகம்மது காசிம் சித்திலெவ்வை அவர்கள்.

சித்திலெவ்வை 1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கண்டியில் பிறந்தார். தந்தையாரும் வழக்கறிஞரே. அரபியும் தமிழும் ஆங்கிலமும் கற்றவர். தஸவ்வுபில் ஆழ்ந்த பற்றுடையவர். சட்டத் தொழிலில் பொருளும் மதிப்பும் ஈட்டிய பின், நாற்பத்து நான்காம் வயதில், 1882 டிசம்பர் 21ஆம் நாள் நேசனின் முதல் இதழை வெளியிட்டார். கிழமையைக் கணக்கிட்டுப் பார்த்தேன்: வியாழன். அன்று மஃரிப் ஆனதும் ஜும்ஆ இரவு. ஹிஜ்ரி 1300, ஸபர் மாதம்.

இதற்கு முன் எதுவுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1869இல் "ஆலாமத் லங்காபுரி" அரபுத் தமிழில் வந்தது. 1873இல் "புதினாலங்காரி" வந்தது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனார் 1841லேயே "உதயதாரகை"யைத் தொடங்கிவிட்டனர். ஆனால் ஒரு சமூகத்தை வாரந்தோறும் எதிரே அமர்த்தி, அதன் குறையை அதன் முகத்துக்கு நேரே எடுத்துரைத்த முஸ்லிம் ஏடு என்றால் அது நேசனே.

அது பிறந்த காலத்தையும் ஊரையும் நோக்குங்கள். கண்டிச் சீமை அந்நாளில் காப்பித் தோட்டச் சீமை. 1869இல் இலையில் மஞ்சள் துருவாகப் படிந்த நோய் ஒன்று தோட்டம் தோட்டமாகப் பரவிற்று. 1880களில் காப்பிப் பயிர் அழிந்தே போயிற்று. 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. தோட்டத் துரை கடன் தீர்க்கவில்லை. அவருக்குக் கடன் கொடுத்த செட்டியாருக்குப் பணம் திரும்பவில்லை. கூலியாள் சம்பளத்தை நம்பி அரிசியும் துணியும் விற்ற முஸ்லிம் கடைக்காரருக்கு வியாபாரம் இல்லை. அப்படி ஊரே கைமுடங்கிக் கிடந்த வேளையில், செலவு மட்டுமே நிச்சயமாயுள்ள ஒரு தொழிலைத் தம் சொந்தப் பணத்தில் ஒருவர் தொடங்கினார்.

அச்சுத்தொழில் அந்நாளில் எவ்வாறிருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் எழுத்தும் ஈயத்தில் வார்த்த தனித்தனித் துண்டு. தமிழில் உயிர்மெய்யும் சேர்த்து எத்தனை அறைகள் வேண்டுமென்று எண்ணிப் பாருங்கள். அச்சுக்கோப்பவர் எழுத்தெழுத்தாகப் பொறுக்கி, தலைகீழாக அடுக்கி, சட்டத்தில் பூட்டி, மை தடவி, ஒரு படி எடுத்துப் பிழை பார்த்து, மீண்டும் பிரித்துத் திருத்துவார். அச்சானதும் எழுத்துகளைக் கழற்றி அவற்றின் அறைகளில் போட்டால்தான் அடுத்த இதழுக்கு எழுத்துண்டு. ஏழு நாளில் இவ்வளவும் முடிந்தாக வேண்டும். அதன்பின் மடிப்பு, விலாசம், தபால் தலை. அதற்கும் பிறகு சந்தா வருமா என்ற கவலை. உள்ளூர் வார ஏடு நடத்திய எவரைக் கேட்டாலும் இந்தக் கடைசிக் கவலையைத்தான் முதலில் சொல்வார்.

நேசன் பிறந்து மூன்று வாரங்கள்கூட நிறையாத நிலையில், 1883 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல் நங்கூரமிட்டது. அதில் மிஸ்ரு நாட்டுத் தலைவர் அஹ்மத் உராபி பாஷாவும் அவர்தம் தோழர்களும் நாடு கடத்தப்பட்டு வந்திறங்கினர். முந்தின ஆண்டு ஜூலையில் அலெக்சாந்திரியாவின் மீது ஆங்கிலேயரின் பீரங்கிகள் முழங்கியதும், செப்டம்பரில் தல்லுல் கபீர்ப் போரில் உராபியின் படை தோற்றதும் உலகறிந்த செய்திகள். அச்செய்தியின் நாயகரே தம் ஊர்த் தெருவில் நடந்து வரக் கண்ட இலங்கை முஸ்லிம்களின் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும்! உராபி பாஷா 1901வரை அத்தீவிலேயே வாழ்ந்தார். சித்திலெவ்வைக்கு அவர் நண்பரானார். கல்விப் பணியில் துணைவருமானார்.

வேறொருவராயின், பாஷாவின் வீரத்தைப் புகழ்ந்து எழுதியே பத்தாண்டு ஏட்டை ஓட்டியிருப்பார். வாசகரும் மகிழ்ந்திருப்பர், சந்தாவும் தவறாது வந்திருக்கும். சித்திலெவ்வை பாஷாவின் வரவைப் பள்ளிக்கூடம் கட்டுவதற்குப் பயன்படுத்தினார். அவருடைய மனப்போக்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தியை நான் அறியேன்.

பள்ளிக்கூடம் என்பது அந்நாளில் இலகுவான சொல் அன்று. ஆங்கிலம் கற்பித்த பள்ளிகளுள் பெரும்பாலானவை மிஷன் பள்ளிகள். அங்கு பிள்ளையை அனுப்பினால் ஈமான் போய்விடும் என்று நம் முன்னோர் அஞ்சினர். அந்த அச்சம் காரணமற்றதும் அன்று. ஆனால் அஞ்சி விலகியதன் விளைவு என்ன? ஒரு தலைமுறை கழிந்தபோது அரசாங்க அலுவலகத்தில் ஒரு மனு எழுதுவதற்கும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. நேசன் இதழ்தோறும் கூறிவந்தது இதைத்தான்: அந்தப் பள்ளி வேண்டாமென்றால் நம் பள்ளியை நாமே கட்டுவோம், அதில் அரபியும் இருக்கட்டும், தமிழும் இருக்கட்டும், ஆங்கிலமும் கணக்கும் இருக்கட்டும்.

சொன்னதோடு அவர் நின்றுவிடவில்லை. கண்டியிலும் வேறு சில ஊர்களிலும் பள்ளிகளைத் தொடங்கினார். பெண்பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி அமைத்து, தம் சகோதரி முத்து நாச்சியாவை அதற்குப் பொறுப்பாக்கினார். கொழும்பில் 1884இல் மத்ரஸத்துல் கைரிய்யா தொடங்கப்பட்டது. அது போதிய ஆதரவின்றித் தளர்ந்தது. அத்தோல்வியோடு அவர் ஓய்ந்திருந்தால் இக்கட்டுரைக்கே இடமில்லை. 1891இல் மருதானைப் பள்ளிவாசலில் மக்கள் முன் எழுந்து மீண்டும் அதே பேச்சைப் பேசினார். இம்முறை கேட்க ஆளிருந்தது. 1892 ஆகஸ்ட் 22ஆம் நாள் மருதானையில் மத்ரஸத்துஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. இன்று ஸாஹிராக் கல்லூரி என்று தீவு முழுவதும் அறியப்படுவது அதுவே.

இப்பணியில் அவருக்குத் தோள் கொடுத்தவர் வாப்பிச்சி மரைக்கார். கொழும்பு அரும்பொருட்சாலையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அவர். 1877இல் அக்கட்டடம் திறக்கப்பட்டபோது, உமக்கு என்ன சன்மானம் வேண்டுமென்று கவர்னர் வினவ, வெள்ளிக்கிழமைகளில் இதனை மூடிவைத்தால் போதும் என்று மரைக்கார் கேட்டதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. வெள்ளிக்கிழமை மலரில் இதை எழுதாமல் விட எனக்கு மனம் இல்லை.

நேசனின் ஆசிரியருக்குக் கதை எழுதவும் நேரம் இருந்தது. "அசன்பேயுடைய கதை" என்னும் நாவல் 1885இல் வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் எனப்படும் "பிரதாப முதலியார் சரித்திரம்" அச்சேறியது 1879இல். ஆறே ஆண்டு இடைவெளி. காஹிராவிலும் பம்பாயிலும் நடக்கும் அக்கதையை அக்காலத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஒருவர் வாசிக்க மற்றோர் சூழ்ந்திருந்து கேட்டிருப்பர். நம் பாடப்புத்தகங்கள் முதல் நாவலைச் சொல்லி, அடுத்து வேறெங்கோ தாவிவிடுகின்றன. இடையில் நின்ற கண்டி வழக்கறிஞரை நாமாவது நினைவில் வைத்திருக்க வேண்டாமா?

அரசியலிலும் நேசன் வாய்மூடி இருக்கவில்லை. 1885இல் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் சட்டசபையில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்னும் கருத்தை முன்வைத்தார். சோனகருக்குச் சபையில் தனிப் பிரதிநிதி தேவையா என்ற கேள்வி அதனுள் அடங்கியிருந்தது. சித்திலெவ்வை அதனை மறுத்தார். மறுத்த மொழியும் தமிழே. 1889இல் முஸ்லிம்களுக்கென முதல் உறுப்பினராக எம்.சி. அப்துல் ரஹ்மான் அவர்கள் நியமிக்கப்பட்டார். இனத்தால் யார் எவர் என்னும் வாதம் அத்தீவில் பின்னாளில் எடுத்த வடிவங்கள் வேதனைக்குரியவை. அது நம் தலைப்பன்று.

இனி எனக்குச் சற்றுச் சங்கடமான பகுதிக்கு வருகிறேன்.

சித்திலெவ்வையின் முயற்சியை எதிர்த்தோர் பலர். அவர்களுள் மார்க்கம் கற்றோரும் இருந்தனர். ஆங்கிலம் கற்பிப்பதா, பெண்ணுக்குப் பள்ளியா என்று கேட்டவர்கள் தீயவர்கள் அல்லர். நம்மிடம் எஞ்சியிருப்பது தீன் ஒன்றே, அதையும் இழந்துவிடலாகாது என்று கருதிய நல்லவர்கள். ஆயினும் அவர்கள் தவறினர். நானும் அதே மரபில் மத்ரஸாவில் ஓதி வந்தவன். ஆகையால் இதை எழுதும்போது என் கை தயங்குகிறது. தயங்கினாலும் எழுதியே ஆகவேண்டும்.

என் ஓதல் பருவத்தில் எங்கள் மத்ரஸாவில் செய்தித்தாள் தடுக்கப்பட்டிருந்தது. கிதாபில் செல்லவேண்டிய கண் செய்தியில் சென்றால் மனனம் கெடும் என்பது காரணம். ஒருநாள் கடைத்தெருவில் வடை மடித்துக் கொடுத்த தாளில் முஸ்லிம் வார இதழ் ஒன்றின் பாதிப் பக்கம் இருந்தது. எண்ணெய்க் கறையோடு அதனைக் கொண்டுவந்து பாயின் அடியில் வைத்தேன். இரவில் வராந்தா விளக்கின் கீழ் வாசித்தேன். ஏதோ ஓர் ஊரில் பள்ளிவாசல் நிலம் பற்றிய தகராறு, பாதியில் அறுந்துவிட்டது. அதன் முடிவு என்னவாயிற்றோ என்ற எண்ணம் மூன்று நாள் என்னை வாட்டியது. நான்காம் நாள் உஸ்தாத் அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தாள் பறிபோயிற்று, கையில் இரண்டு அடியும் கிடைத்தது.

மறுவாரம் வியாழன் மாலை. உஸ்தாத் அவர்களுக்குத் தேநீர் கொண்டுசென்றேன். அவர்கள் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, அந்த எண்ணெய்த் தாளை விளக்கருகே பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் மடித்தார்கள். பிறகு என்ன நினைத்தார்களோ, "இந்த விவகாரம் எப்படி முடிந்தது என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். "எனக்கும் தெரியவில்லை" என்றார்கள். அல்லாஹ் அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக. எனக்கு ஓதித் தந்தவர்களுள் மிகச் சிறந்தவர் அவர்.

ஓர் ஆலிம் செய்தியை வெறுப்பதற்குத் திருமறையில் ஆதாரம் ஏது? முதல் வஹீயே ஓதுவதையும் எழுதுகோலையும் பற்றியது. எழுதுகோலின் பெயரால் ஒரு தனி அத்தியாயமே உண்டு. 49ஆம் அத்தியாயமான அல்ஹுஜுராத்திலோ, நம்பத்தகாத ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரும் என்ற கருத்தில் எச்சரிக்கை இருக்கிறது. செய்தியைக் கேளாதே என்று அங்கே கூறப்படவில்லை; விசாரி என்றே கூறப்படுகிறது. இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் வந்து விழும் செய்தியை அடுத்த நொடியில் நூறு பேருக்குத் தள்ளிவிடுகிறோம். ஈய எழுத்தைப் பொறுக்கி ஏழு நாள் உழைத்தவருக்கு, அச்சிடுமுன் விசாரிக்க ஆறு நாளாவது இருந்தது.

நேசன் என்னும் பெயர் மேலும் சில ஏடுகளுக்கும் வாய்த்தது. சிங்கப்பூரில் 1887ஆம் ஆண்டு "சிங்கை நேசன்" என்னும் வார ஏட்டை மகுதூம் சாயபு அவர்கள் தொடங்கினார். அது 1890வரை வந்தது. கப்பல் வரவு, சரக்கு விலை, தமிழகத்துச் செய்தி, வாசகர் கடிதம், கவிதை எனப் பல்வகையும் அதில் இருக்கும். வாசகர்களுள் முஸ்லிம்களும் இந்துக்களும் கலந்திருந்தனர். மூன்றாண்டே வாழ்ந்த அந்த ஏட்டின் இதழ்கள் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் பொறுப்பில் பேணப்பட்டு, இன்று வீட்டிலிருந்தே கணினித் திரையில் காணத்தக்கவையாக இருக்கின்றன.

தமிழகத்தில் இவ்வழியில் வந்தவர் பா. தாவூத் ஷா அவர்கள். சப்மாஜிஸ்திரேட் பதவியைத் துறந்து எழுத்துக்கு வந்தவர். அவருடைய "தாருல் இஸ்லாம்" மாத ஏடாகவும் வார ஏடாகவும் நாளேடாகவும் பல வடிவம் எடுத்து 1957வரை நின்றது. அச்சுப்பிழை கண்டு சொல்வோருக்குப் பரிசு தருவதாக அறிவித்தவர் அவர் என்பர். இக்காலப் பத்திரிகைகள் அத்தகைய அறிவிப்பைச் செய்தால் ஒரே வாரத்தில் கடையை மூட வேண்டியிருக்கும். ஆலிம்களுக்கும் அவருக்கும் இடையே நிகழ்ந்த கருத்துப்போர் கடுமையானது. அவர் எழுதிய எல்லாவற்றையும் நானும் ஏற்பவன் அல்லேன். ஆனால் நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் போன்ற பெண்மணிகளின் எழுத்துக்கு அவர் ஏடு இடமளித்தது என்பதை மறைத்துவிட்டு அவரைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. இன்னொன்று: கம்பனில் தோய்ந்து மேடையேறிய அவரை மக்கள் "இராமாயண சாயபு" என்று அழைத்தனர். பிற்காலத்தில் நீதியரசர் மு.மு. இஸ்மாயில் அவர்கள் கம்பனுக்கு உரை கண்டு புகழ்பெற்றார்கள். கம்பர் உறங்கும் ஊரில் அமர்ந்து இவ்விருவர் பெயரையும் நான் சொல்ல, அந்த நகரத்தார் பெரியவரின் முகம் மலர்ந்ததைக் காண வேண்டுமே!

சித்திலெவ்வை 1898 பிப்ரவரி 5ஆம் நாள் காலமானார். இலங்கை அரசு 1977இல் அவருடைய உருவம் தாங்கிய தபால் தலையை வெளியிட்டது. நேசனின் ஆசிரியருக்குத் தபால் தலை மிகப் பொருத்தம் என்பேன். ஏடு தபாலை நம்பித்தானே வாழ்ந்தது. நேசனையும் அக்கால முஸ்லிம் நூல்களையும் மறதியிலிருந்து மீட்டெடுத்த அறிஞர்களுள் ம.மு. உவைஸ் அவர்கள் முதன்மையானவர். இலங்கையராகிய அவர் நமது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக அமர்ந்து பணிபுரிந்தார். நாட்டரசன்கோட்டையிலிருந்து மதுரை எவ்வளவு தூரம்? காலையில் புறப்பட்டால் லுஹருக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இவ்வளவையும் கேட்டு முடித்த பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் எங்கள் ஐயா கொழும்பு போவதற்கு முன்பே அங்கே உங்கள் பத்திரிகை வந்து நின்றுவிட்டது" என்றார். ஆம் என்றேன். "அந்த நேசனை எடுத்து வைத்தவர்கள் இந்தப் பக்கம் யாரேனும் உண்டா?" என்றார்.

இதற்கு மட்டும் என்னிடம் விடையில்லை. நேசனைத் தமிழகத்திலும் வாசித்தனர். கொழும்புக்குச் சென்று கடை வைத்திருந்த நம் முன்னோரும் வாசித்திருப்பர். அவர்களும் விடுமுறைக்கு ஊர் வந்தனர். அவர்களிடமும் தகரப்பெட்டிகள் இருந்தன. அப்பெட்டிகளில் ஸஃபர் சாமான்களுக்கு அடியில் விரித்த தாள் எதுவாக இருந்திருக்கும்? எங்கள் பாட்டியார் அரபுத் தமிழ் மட்டுமே வாசிப்பார். அவர் மறைந்தபோது அவருடைய பெட்டியிலிருந்த பழைய தாள்களை, அரபு எழுத்து இருக்கிறது, காலில் படக்கூடாது என்று மரியாதையோடு கிணற்றில் இட்டுவிட்டார்கள். அவற்றில் என்னென்ன இருந்தன என்று எவரும் வாசித்துப் பார்க்கவில்லை. அப்போது நான் சிறுவன். இதே பேணுதலால் நம் இல்லங்களிலிருந்து எத்தனை ஏடுகள் கிணற்றுக்கும் குளத்துக்கும் போயினவோ, அல்லாஹ்வே அறிவான்.

உங்கள் வீட்டுப் பரணில், பழைய மரப்பெட்டியில், பள்ளிவாசலின் கிதாப் அலமாரியின் மேல்தட்டில் கட்டிவைத்த தாள்கள் ஏதேனும் உண்டா? அச்சிட்ட ஊர், ஆண்டு, தலைப்பு ஆகிய மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு, உங்கள் ஊர் ஆலிமிடமோ அருகிலுள்ள கல்லூரித் தமிழாசிரியரிடமோ காட்டுங்கள். தாள் உடையும் நிலையிலிருந்தால் பிரிக்க வேண்டாம். வேப்பிலையை உள்ளே வைப்பதைவிட, காற்றுப் புகும் துணியில் கட்டித் தரையிலிருந்து உயர்த்தி வைப்பது நன்று.

நான் விடைபெற்றபோது ஆச்சி அவர்கள் ஒரு கிண்ணத்தில் பனங்கற்கண்டுப் பால் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெரியவர் ஊழியன் கட்டை மீண்டும் துணியில் முடிந்து, இம்முறை பரணில் ஏற்றாமல், கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில் வைத்தார். பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார். அது எதற்கு என்று கேட்டேன். "உங்கள் நேசன் ஒன்று கிடைத்தால் கொண்டுவாருங்கள், ஹஜ்ரத். இரண்டும் கொழும்பு பார்த்தவைதானே" என்றார்.